எத்தனை லீற்றர் பொட் வாங்குவது?
சேண்ட் பிளாஸ்டிங் தொழிலில் முதல் போட நினைக்கும் சகோதரர்களுக்குச் சில கணக்குகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரும்புக்கு ஆயுள் குறைவு. எந்தப் பக்கம் போனாலும் சில மைல் தூரத்தில் கடல் வந்துவிடும். உப்புக் காற்று படாத கேற் இல்லை, கிறில் இல்லை, லொறிச் சட்டம் இல்லை. ஒரு நோன்புப் பெருநாளைக்கு முன் பெயின்ட் அடித்த கேற்றில் அடுத்த நோன்பு வருவதற்குள் கறள் எட்டிப் பார்க்கிறது. பெயின்ட் கூடாது என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலான இடங்களில் குற்றம் பெயின்டில் இல்லை. கறளைச் சரியாக எடுக்காமல் அதன் மேலேயே பூசுவதுதான் காரணம். கம்பித் தூரிகையும் கிறைண்டரும் மேற்பரப்பைப் பளபளப்பாக்கும். குழிகளுக்குள் இருக்கும் கறளை அவை தொடுவதில்லை.

இதனால்தான் சேண்ட் பிளாஸ்டிங் எனப்படும் வேலைக்கு இங்கே கேள்வி கூடி வருகிறது. யுத்தம் முடிந்த 2009இன் பின்னர் குடாநாட்டிற்கு வந்த இரும்பை எண்ணிப் பாருங்கள். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. 2019 ஓகஸ்ட்டில் மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. இவற்றோடு அரிசி ஆலைகள், ஐஸ் தொழிற்சாலைகள், தண்ணீர் பவுசர்கள், ட்ரக்டர் பெட்டிகள், வள்ளம் இழுக்கும் ட்ரெய்லர்கள் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் கறள் பிடிக்கும் சாமான்கள்தான்.

இரும்புக் கடையும் பழைய இரும்பு வியாபாரமும் யாழ் முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படுவதற்கு முன்பும் செய்தோம், மீளக் குடியேறிய பின்பும் செய்கிறோம். ஆகவே எம்மவரில் சில இளைஞர்கள் இந்தத் தொழிலில் இறங்க விரும்புவது இயல்பானது. இரும்புச் சாமான் வியாபாரத்தில் நான் இருப்பதால் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "நானா, எத்தனை லீற்றர் பொட் எடுக்கிறது?"

இந்தக் கேள்விக்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்ல முடியாது. ஏனெனில் பொட் என்பது இந்தத் தொழிலில் கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய சாமான். அதை முதலில் வாங்கியவர்களின் பணம்தான் வேலைத்தளத்தின் மூலையில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது.

பொட் செய்யும் வேலை என்ன?

அமெரிக்கரான பெஞ்சமின் சூ டில்மன் என்பவர் 1870ஆம் ஆண்டில் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் அடிப்படை மாறவில்லை. அமுக்கிய காற்றோடு கூரான துகளைச் சேர்த்து இரும்பின் மேல் வீசுவது, அவ்வளவுதான். துகள் கறளை வெட்டி எடுக்கும். கூடவே பெயின்ட் பிடிப்பதற்கு ஏற்ற சொரசொரப்பையும் இரும்பில் உண்டாக்கும்.

பொட் என்பது துகளை வைத்திருக்கும் ஒரு பாத்திரம். கொம்பிரசரிலிருந்து வரும் காற்று இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி பொட்டின் உள்ளேயும் மறு பகுதி அடியில் உள்ள குழாயிலும் செல்கிறது. இரண்டு இடத்திலும் அமுக்கம் சமமாக இருப்பதால் துகள் தன் பாரத்தினால் கீழே விழுகிறது. குழாயில் ஓடும் காற்று அதை ஹோஸ் வழியாக நொசிலுக்குக் கொண்டு போகிறது.

இதிலிருந்து ஒரு விடயம் தெளிவாகும். கறளை எடுப்பது காற்று. வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது நொசிலின் துவாரமும் அதற்குப் போகும் காற்றின் அளவும் அமுக்கமும். பொட்டின் கொள்ளளவு ஒன்றைத்தான் தீர்மானிக்கிறது: ஒரு முறை நிரப்பினால் எவ்வளவு நேரம் நிறுத்தாமல் வேலை செய்யலாம் என்பதை. லொறியின் டீசல் டாங்கியைப் பெரிதாக்கினால் லொறி கூடிய பாரம் இழுக்குமா? இழுக்காது. அடிக்கடி டீசல் அடிக்க நிறுத்த வேண்டியதில்லை என்பது மட்டுமே லாபம். பொட்டும் அப்படித்தான்.

கணக்கு எங்கே தொடங்க வேண்டும்?

முதலில், எந்த வேலை கிடைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, அந்த வேலைக்கு ஏற்ற கொம்பிரசர் கையில் உண்டா, வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, அந்தக் கொம்பிரசர் தாங்கும் நொசில் எது என்று பார்க்க வேண்டும். நான்காவதுதான் பொட்.

நொசிலுக்கு இலக்கம் உண்டு. இலக்கம் என்பது துவாரத்தின் அகலம், ஓர் அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பதாகும். 4ஆம் இலக்கம் என்றால் பதினாறில் நான்கு, அதாவது கால் அங்குலம். 8ஆம் இலக்கம் அரை அங்குலம். 100 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் ஒவ்வொரு நொசிலும் எவ்வளவு காற்று கேட்கும், மணிக்கு ஏறக்குறைய எவ்வளவு துகள் விழுங்கும் என்பது தொழிலில் எல்லோரும் பாவிக்கும் அட்டவணை. அதைக் கீழே தருகிறேன். காற்று நிமிடத்துக்குக் கன அடியில் (சி.எப்.எம்.) உள்ளது. துகளின் அளவு, மணல் போன்ற பாரமுள்ள துகளுக்கு லீற்றரில் உள்ளது.

3ஆம் இலக்கம் – காற்று 45 – துகள் மணிக்கு 75 லீற்றர்
4ஆம் இலக்கம் – காற்று 81 – துகள் மணிக்கு 140 லீற்றர்
5ஆம் இலக்கம் – காற்று 137 – துகள் மணிக்கு 230 லீற்றர்
6ஆம் இலக்கம் – காற்று 196 – துகள் மணிக்கு 325 லீற்றர்
7ஆம் இலக்கம் – காற்று 254 – துகள் மணிக்கு 450 லீற்றர்
8ஆம் இலக்கம் – காற்று 338 – துகள் மணிக்கு 575 லீற்றர்

இந்த அட்டவணையை வெட்டி வைத்துக்கொண்டால் பொட் விற்பவர் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். பொட்டின் லீற்றரை நொசிலின் லீற்றரால் வகுத்து 60ஆல் பெருக்கினால், ஒரு முறை நிரப்பினால் ஓடும் நிமிடம் வரும். உதாரணமாக 100 லீற்றர் பொட்டில் 5ஆம் இலக்க நொசில் போட்டால் 26 நிமிடம். அதே பொட்டில் 4ஆம் இலக்கம் என்றால் 43 நிமிடம்.

எத்தனை நிமிடம் நல்லது? கையால் பிடித்து வேலை செய்பவருக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை பொருத்தம். கவசத் தலைக்கூட்டின் உள்ளே வெயிலில் நின்று அதற்கு மேல் ஒருவரால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. அவர் தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து, கையை உதறும் நேரத்தில் உதவியாளர் பொட்டை நிரப்பிவிடலாம்.

185 கொம்பிரசருக்கு எந்தப் பொட்?

வீதி உடைக்கும் ஜக் ஹெமருக்குக் கட்டி இழுத்துச் செல்லும் டீசல் கொம்பிரசரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் பரவலாக உள்ள அளவு 185 சி.எப்.எம். சிறு முதலோடு தொடங்குபவர் இதைத்தான் வாடகைக்கு எடுக்கிறார். ஆகவே இதை வைத்தே கணக்குப் போடுவோம்.

5ஆம் இலக்க நொசிலுக்கு 137 வேண்டும். தலைக்கூட்டுக்குள் மூச்சுவிடும் காற்றுக்கு 20 ஒதுக்குவோம். மொத்தம் 157. 185க்குள் அடங்குகிறது. ஆனால் நொசில் தேயும் சாமான் என்பதை மறக்கக் கூடாது. பதினாறில் ஒரு பங்கு தேய்ந்தால் 5ஆம் இலக்கம் 6ஆம் இலக்கமாகிவிடும். அப்போது அது 196 கேட்கும். கொம்பிரசரால் கொடுக்க முடியாது, அமுக்கம் விழும். 100இலிருந்து அமுக்கம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும்போது வேலை ஏறக்குறைய ஒன்றரை வீதம் குறையும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 80க்கு இறங்கினால் உங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீசல் அதே அளவு போகும், கூலியும் அதே அளவு போகும். ஆகவே புது நொசிலின் தேவையை ஒன்றரையால் பெருக்கி அதற்கேற்பக் கொம்பிரசர் வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

அந்த வழக்கப்படி 185 கொம்பிரசருக்கு 4ஆம் இலக்கமே நிம்மதியானது. 5ஆம் இலக்கம் போடலாம், ஆனால் தேய்வதைக் கவனித்து நேரத்துக்கு மாற்ற வேண்டும். துவாரத்தில் நுழைத்துப் பார்க்க ஒரு ட்ரில் பிட் போதும், செலவில்லாத சோதனை இது.

இனிப் பொட்டுக்கு வருவோம். 4ஆம், 5ஆம் இலக்க நொசில்களுக்கு 100 முதல் 140 லீற்றர் பொட் சரியாக அமைகிறது. 140 லீற்றரில் 5ஆம் இலக்கம் 36 நிமிடம் ஓடும், 4ஆம் இலக்கம் ஒரு மணி நேரம் ஓடும். இலங்கையில் 185 கொம்பிரசரை நம்பித் தொடங்கும் ஒரு சிறு வேலைத்தளத்துக்கு இதற்கு மேல் பெரிய பொட் தேவை இல்லை என்பதே என் அபிப்பிராயம். 200 லீற்றர் பொட் 375 சி.எப்.எம். கொம்பிரசரும் 6ஆம் இலக்க நொசிலும் வைத்திருப்பவருக்குரியது. அவருக்கு அது 37 நிமிடம் ஓடும்.

சிறிதாக வாங்கினால் என்ன நட்டம்?

விலை குறைவு என்று 60 லீற்றர் பொட் வாங்கி 185 கொம்பிரசரில் 5ஆம் இலக்க நொசிலோடு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 16 நிமிடத்தில் பொட் காலியாகும். அமுக்கத்தை இறக்கி, துகளைச் சல்லடையில் அரித்து ஊற்றி, மீண்டும் காற்று ஏற்ற 6 நிமிடம் பிடிக்கும் என்று வையுங்கள். எட்டு மணி நேர நாளில் இரும்பில் துகள் படுவது ஆறு மணி நேரம்கூட இல்லை. 140 லீற்றர் பொட்டில் நிரப்ப 7 நிமிடம் என்றாலும் ஆறே முக்கால் மணி நேரம் வேலை நடக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். கொம்பிரசர் வாடகை, இரண்டு பேரின் கூலி இரண்டையும் அந்த ஒரு மணிக்குப் பிரித்துப் பாருங்கள். பொட்டில் மிச்சம் பிடித்தது எத்தனை நாளில் கரையும் என்று தெரியும்.

அது மட்டுமல்ல. சிறு பொட்களுக்கு அரை அங்குலம், முக்கால் அங்குலக் குழாய்களே வருகின்றன. கொம்பிரசர் எவ்வளவு காற்றுத் தந்தாலும் அந்த ஒடுங்கிய குழாய்க்குள் அமுக்கம் இழக்கப்படும். 5ஆம் இலக்க நொசிலுக்குக் குறைந்தது ஓர் அங்குலக் குழாய் வேண்டும், ஒன்றேகால் அங்குலம் இருந்தால் நல்லது. துகள் போகும் ஹோஸின் உள் அகலமும் நொசில் துவாரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும். பொட் வாங்கும்போது லீற்றரை மட்டும் கேட்காமல் குழாய் அளவையும் கேளுங்கள்.

பெரிதாக வாங்கினால் என்ன நட்டம்?

எம்மவர் அதிகம் விழுவது இந்தப் பக்கம்தான். நாளைக்குத் துறைமுக வேலை வரும், பால வேலை வரும் என்று நினைத்து 200, 300 லீற்றர் பொட்டுக்கு முதலைப் போடுகிறார்கள். பெரிய பொட் பெரிய வேலையைக் கொண்டு வராது. அரசாங்கக் கேள்விப்பத்திர வேலைகளை எடுக்கும் பெரிய ஒப்பந்தக்காரர்கள் தங்கள் இயந்திரங்களோடுதான் வருகிறார்கள். எமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பவுசர், ட்ரெய்லர், கேற், ஆலைச் சாமான் போன்ற வேலைகள்.

எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர் 200 லீற்றர் பொட் ஒன்றை வாங்கி, டயர் கடையில் பாவிக்கும் 3 குதிரைவலுக் கொம்பிரசரோடு இணைத்துப் பார்த்தார். அந்தக் கொம்பிரசர் தருவது பத்துப் பன்னிரண்டு சி.எப்.எம். மட்டுமே. ஆகச் சிறிய நொசில்களில் ஒன்றான 2ஆம் இலக்கத்துக்கே 20 வேண்டும். வெறும் 200 லீற்றர் பாத்திரத்தை 100 பி.எஸ்.ஐ.க்கு நிரப்புவதற்கு ஏறக்குறைய 50 கன அடிக் காற்று போகும். துகள் வேலை தொடங்கு முன்னரே ஐந்து நிமிடம் காத்திருப்பு! கொஞ்ச நேரம் சீறிவிட்டு நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது வேறு பொட் அல்ல, வேறு கொம்பிரசர்.

பெரிய பொட்டுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஈரம். எமது கடற்காற்றில் பொட்டுக்குள் மிஞ்சிய துகளை இரவு முழுக்க விட்டால் ஈரம் குடித்துக் கட்டி பிடிக்கும். மறுநாள் காலையில் அடி வால்வு அடைத்துக்கொள்ளும். மாரி காலத்தில் இது அன்றாடத் தொல்லை. அன்றன்றைக்குக் காலியாகும் அளவு பொட்டே நல்லது. எந்தப் பொட் ஆனாலும் கொம்பிரசருக்கும் பொட்டுக்கும் இடையில் தண்ணீர் பிரிக்கும் கருவி இருக்க வேண்டும்.

மற்றது, பாரம். வேலை எப்போதும் வேலைத்தளத்துக்கு வருவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு என்று தீவுப் பகுதியில் வேலை கிடைத்தால் குறிகட்டுவானிலோ ஊர்காவற்றுறையிலோ வள்ளத்தில் ஏற்ற வேண்டும். வெறும் பொட்டையே நான்கு பேரால் தூக்க முடியாவிட்டால் கூலிக் கணக்கு மாறிவிடும்.

பழைய கார் வேலை தனி

யாழ்ப்பாணத்தின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்கள் பெயர் பெற்றவை. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில்கூட ஓடிய வண்டிகள் அவை. இப்போது அவற்றைப் புதிது போலச் செய்து வைத்திருக்க ஆசைப்படுவோர் உள்ளூரிலும் உண்டு, வெளிநாட்டிலிருந்து வருவோரிலும் உண்டு. இந்த வேலைக்குப் பெரிய நொசில் எதிரி. மெல்லிய தகட்டில் 100 பி.எஸ்.ஐ.யில் தடித்த துகளை அடித்தால் தகடு நெளிந்துவிடும். அமுக்கத்தை நன்றாகக் குறைத்து, மென்மையான சிறு துகளோடு, ஒரே இடத்தில் நிறுத்தாமல் செய்ய வேண்டும். 20 முதல் 40 லீற்றர் பொட், 2ஆம் அல்லது 3ஆம் இலக்க நொசில் போதும். 40 லீற்றரில் 3ஆம் இலக்கம் அரை மணி நேரம் ஓடும். குறைந்த முதலோடு ஒரு கராஜ் செய்யக்கூடிய தொழில் இது. போட்டியும் குறைவு.

பொட் என்பது அமுக்கக் கலம்

இது பணத்தைவிடப் பெரிய விடயம். 24 அங்குல விட்டமுள்ள பொட்டின் மேல் மூடிப் பகுதியில் 100 பி.எஸ்.ஐ. ஏறும்போது அதைத் தள்ளும் விசை எவ்வளவு தெரியுமா? 20 தொன்னுக்கு மேல். நிரம்பப் பாரம் ஏற்றிய இரண்டு லொறிகளை ஒரு தகடும் அதன் ஒட்டும் பிடித்து வைத்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருக்க, பழைய காஸ் சிலிண்டரை வெட்டி அடியில் புனல் ஒட்டிப் பொட் செய்து தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டி ஒட்டிய பின் அந்தச் சிலிண்டரின் முன்னைய பலம் எதையும் நம்ப முடியாது. துகள் உட்புறத்தையும் அரிக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது. வெடித்தால் முதலில் போவது அருகில் நிற்கும் உதவியாளரின் உயிர்.

பாவித்த பொட் வாங்குவதில் தவறில்லை. ஆனால் தயாரித்த கொம்பனியின் பெயர்த் தகடும், தாங்கும் அமுக்கமும், வருடமும் அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். தகட்டைச் சுரண்டி எடுத்த பொட்டை இனாமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். வாங்கிய பின் வேலை அமுக்கத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கச் செய்யுங்கள். காற்றால் சோதிக்கக் கூடாது. சேப்டி வால்வும், கைப்பிடியை விட்டதும் காற்று நிற்கும் டெட்மேன் கருவியும் இல்லாத பொட் முழுமையான பொட் அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளின் பாதுகாப்பைப் பற்றியும் பேசுகிறது என்பதை வேலைத்தளம் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டும்.

பெயரில் சேண்ட் இருக்கட்டும், பொட்டில் மணல் வேண்டாம்

சேண்ட் பிளாஸ்டிங் என்று பெயர் இருப்பதால் மணல்காட்டிலோ அம்பனிலோ ஒரு லோட் மணல் ஏற்றினால் போதும் என்று நினைக்கலாம். மூன்று காரணங்களால் அது கூடாது.

முதலாவது, மணலின் சிலிக்கா. அது உடைந்து கண்ணுக்குத் தெரியாத தூசியாகி நெஞ்சுக்குள் இறங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதற்கு மருந்து கிடையாது. பிரித்தானியா 1949ஆம் ஆண்டிலேயே வார்ப்பு வேலைகளில் இதற்கு மணல் பாவிப்பதைத் தடை செய்தது. துருக்கியில் டெனிம் காற்சட்டைகளுக்குப் பழைய தோற்றம் கொடுக்க மணல் அடித்த இளைஞர்கள் பலர் இந்த நோயால் இறந்தனர். அதன் பின் 2009இல் அந்த நாடு அத்தொழிலில் மணலைத் தடை செய்தது. முகத்தில் சால்வையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பு அல்ல. சுத்தமான காற்று வரும் தலைக்கூட்டு வேண்டும். நம்மிடம் வேலை செய்யும் பிள்ளையின் சுவாசப்பை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். கூலி கொடுத்துவிட்டோம் என்பதால் அந்தப் பொறுப்பு நீங்காது.

இரண்டாவது, உப்பு. கடற்கரை மணலில் உப்பு இருக்கும். அதை அடித்து உப்பை இரும்பில் பதித்து, அதன் மேல் பெயின்ட் பூசினால் சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும். வாடிக்கையாளர் கேற்றோடு உங்கள் கடை வாசலில் நிற்பார்.

மூன்றாவது, சட்டம். மணல் அகழ்வதற்கும் ஏற்றுவதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அந்த மணல் மேடுகள் வடமராட்சி கிழக்கு மக்களின் அரணும் கூட.

பதிலுக்குக் கார்னட், செப்புக் கசடு, இரும்புத் துகள் ஆகியவை உள்ளன. 6 கன அடி, அதாவது 170 லீற்றர் பொட்டில் மணல் 270 கிலோ அளவில் கொள்ளும். கார்னட் என்றால் 390 கிலோ அளவில் கொள்ளும். ஆகவே துகள் விற்பவர் கிலோவில் பேசுவார், பொட் விற்பவர் லீற்றரில் பேசுவார். இரண்டையும் நீங்கள்தான் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கார்னட் கூராகவும் கடினமாகவும் இருப்பதால் அடி வால்வைக் குறைத்து வைத்தே வேலை எடுக்கலாம். அரித்துக் காயவைத்து மீண்டும் பாவிக்கவும் முடியும். திறந்தவெளியில் தார்ப்பாய் விரித்து வேலை செய்தால்தான் அந்த மிச்சம் கைக்கு வரும்.

துகள் இறக்குமதிப் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2013இல் தமிழ்நாடு அரசு கடற்கரைத் தாது மணல் அகழ்வை நிறுத்தியது, கார்னட் அதில் ஒன்று. தூத்துக்குடிச் செப்பு ஆலை 2018 மே மாதத்தில் மூடப்பட்டது. கடலுக்கு அக்கரையில் ஒரு கதவு மூடினால் இக்கரையில் விலை ஏறும். ஆகவே ஒரே வகைத் துகளை நம்பிப் பல மாத வேலைக்கு விலை பேசி ஒப்பந்தம் செய்ய வேண்டாம்.

அடித்த அன்றே பெயின்ட்

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு வெள்ளைத் துணி போன்றது, உடனே அழுக்காகும். கடலோரத்தில் சில மணி நேரத்தில் மஞ்சள் படரத் தொடங்கும். காலையில் அடித்தால் மாலைக்குள் முதல் பூச்சு ஏற வேண்டும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் இருந்தால் பெயின்ட் அடிக்கக் கூடாது. பொட்டின் அளவைத் தெரிவு செய்யும்போது இதையும் நினையுங்கள். ஒரு நாளில் நீங்கள் பெயின்ட் பூசி முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் அடித்து வைப்பதில் லாபம் இல்லை.

பிளாஸ்டிங்குக்கு முன்னர் இரும்பை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை அகற்ற வேண்டும். தீவுப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதனால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகிவிடும். பவுசர் தண்ணீரின் செலவையும் விலையில் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் எங்கிருந்து?

பலர் பொட், கொம்பிரசர் இரண்டையும் லீசிங்கில் எடுக்க நினைக்கிறார்கள். வட்டியின் மார்க்கத் தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. தொழில் ரீதியாகவும் அது ஆபத்தானது. இந்த வேலை மாரியில் குறையும், கோடையில் கூடும். தவணைப் பணம் மாதா மாதம் ஒரே அளவில் வரும். 2022 ஜூனில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனதையும், அந்த விலைக்கும் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. டீசல் இல்லாமல் கொம்பிரசர் நிற்கும். தவணை நிற்காது.

மாற்று வழி கூட்டு. வெல்டிங் வேலைத்தளம், லொறி கராஜ், பெயின்ட் கடை வைத்திருக்கும் மூவர் சேர்ந்து ஒரு 185 கொம்பிரசரையும் 140 லீற்றர் பொட்டையும் முஷாரகா அடிப்படையில் வாங்கலாம். யாருடைய பங்கு எவ்வளவு, நொசிலும் ஹோஸும் தேய்ந்தால் யார் மாற்றுவது, நட்டம் எப்படிப் பிரிவது என்று எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொம்பிரசரை முதல் ஆறு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது அதைவிடவும் புத்தி. அந்த ஆறு மாதத்தில் எந்த வேலை வருகிறது, எந்த நொசில் தேய்கிறது, பொட் எத்தனை தடவை காலியாகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அடுத்த இயந்திரத்தின் அளவை அந்தக் கொப்பி சொல்லும்.

வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது சதுர அடியை நேர்மையாக அளந்து சொல்லுங்கள். கிறில் கம்பியின் நான்கு பக்கமும் பரப்புத்தான், அதை முன்கூட்டியே விளக்கினால் பின்னர் வாக்குவாதம் வராது. வீட்டுக்குள் இருக்கும் யன்னல் கிறிலுக்குக் கம்பித் தூரிகையே போதும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அளவையில் நீதி தராசோடு மட்டும் நிற்பதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், வேலையைப் பாருங்கள், காற்றை அளவுங்கள், நொசிலைத் தெரிவு செய்யுங்கள், பிறகு அரை மணி முதல் முக்கால் மணி வரை ஓடும் பொட்டை வாங்குங்கள். கார் வேலைக்கு 20 முதல் 40 லீற்றர். 185 கொம்பிரசருக்கு 100 முதல் 140 லீற்றர். 375 கொம்பிரசருக்கு 200 லீற்றர். இதற்கு மாறாக யாராவது பொட் விற்க வந்தால் மேலே உள்ள அட்டவணையை அவர் முன் வைத்துக் கேளுங்கள்.

ஹலாலான உழைப்பில் அல்லாஹ் எம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக. இன்ஷா அல்லாஹ், கடலோர இரும்புக்குப் பெயின்ட் தெரிவு செய்வது பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்.